மேலாளர் பிசிசி-யில் இருந்தால்…

கேள்வி: வாடிக்கையாளருக்கு அனுப்பிய மெயிலில் என் மேலாளரை பிசிசி-யில் (மற்றவர்களுக்குத் தெரியாமல் நகல் பெறுபவராக) சேர்த்திருந்தேன். அவர் கவனிக்காமல் 'ரிப்ளை ஆல்' கொடுத்துவிட்டார். வாடிக்கையாளருக்கு மனவருத்தம். அந்த மெயிலைத் திரும்பப் பெற வழி உண்டா?
– ஒரு வாசகி, ஒயிட்ஃபீல்ட், பெங்களூரு

பதில்: வழி இல்லை. அவுட்லுக்கின் 'ரீகால்' ஒரே நிறுவனத்துக்குள் மட்டும்தான் பலிக்கும். வெளியே போன மெயில் போனதுதான். ஜிமெயிலின் 'அன்டூ சென்ட்' கூடத் திரும்பப் பெறுவதில்லை, அனுப்புவதைச் சில நொடிகள் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. வழக்கமாக அது 5 நொடி. செட்டிங்ஸில் 'ஜெனரல்' பகுதிக்குப் போய் இன்றைக்கே 30 ஆக்கிவிடுங்கள். பெறுபவர் முகவரியைக் கடைசியில் நிரப்புவது அதைவிடப் பெரிய பாதுகாப்பு.

பிசிசி-யில் இருப்பவரை மற்றவர்களால் பார்க்க முடியாது. ஆனால் 'டூ'விலும் (பெறுபவர்) 'சிசி'யிலும் (வெளிப்படையாக நகல் பெறுபவர்) இருப்பவர்கள் அத்தனை பேரும் அவருக்குத் தெரிவார்கள். அதனால்தான் அவருடைய 'ரிப்ளை ஆல்' நேரே வாடிக்கையாளரிடம் போய் நின்றது. மேலாளருக்குத் தகவலாக மட்டும் தெரிய வேண்டுமென்றால், முதலில் வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். பிறகு 'சென்ட்' பெட்டியிலிருந்து அதே மெயிலை மேலாளருக்கு ஃபார்வர்ட் செய்யுங்கள். அதற்கு அவர் எந்தப் பொத்தானை அழுத்திப் பதில் போட்டாலும் உங்களுக்குத்தான் வரும். அவரும் பேச்சில் இருக்க வேண்டும் என்றால் வெளிப்படையாக 'சிசி'யில் போடுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரைக் கேட்கவைக்க பிசிசி-யைப் பயன்படுத்துவதை நாங்கள் ஏற்பதில்லை.

ஒருவரையொருவர் அறியாத 40 சப்ளையர்களுக்கு ஒரே அறிவிப்பு அனுப்பும்போது பிசிசி கட்டாயம் வேண்டும். 'டூ'வில் உங்கள் முகவரியையே போட்டுக்கொள்ளலாம்.

இப்போதைக்கு, "தகவலுக்காக மேலாளரையும் சேர்த்திருந்தேன், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும்" என்று வாடிக்கையாளருக்கு இரண்டே வரி எழுதுங்கள். நீட்டி விளக்கினால் சந்தேகம்தான் வளரும்.

கேள்வி: ஜிமெயிலில் 25 எம்பி வரை அனுப்பலாம் என்கிறார்கள். என் 20 எம்பி டிராயிங் இணைப்பாகப் போகவில்லையே?
– ஒரு வாசகர், பீன்யா, பெங்களூரு

பதில்: அனுப்பும்போது இணைப்பு எழுத்துக் குறிகளாக மாற்றப்படுவதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், உங்கள் 20 எம்பி ஏறக்குறைய 27 ஆகியிருக்கும். 18-க்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புவதுதான் வழி. அதில் பெறுபவரின் மெயில் முகவரிக்கு மட்டும் 'வியூவர்' (பார்க்க மட்டும்) அனுமதி கொடுங்கள். 'லிங்க் உள்ள எவரும்' என்று விட்டால், லிங்க் கைமாறும் இடமெல்லாம் உங்கள் டிராயிங்கும் திறக்கும்.