ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்: புற்றுநோய் வருமா?

கேள்வி: கணவருக்கு 43 வயது. வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்றார்கள். ஆறு மாதம் கழித்தும் பாசிட்டிவ்தான். எல்.எஃப்.டி. (கல்லீரல் செயல்பாட்டு ரத்தப் பரிசோதனை) நார்மல். இது கேன்சரில் கொண்டுபோய் விடுமா? நாட்டு மருந்தில் மூன்றே மாதத்தில் நெகட்டிவ் ஆகும் என்கிறார்களே?

பதில்: எல்லோருக்கும் கேன்சர் வராது. ஆனால் எல்.எஃப்.டி. நார்மல் என்று இருந்துவிடாதீர்கள். வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டாது. ஹெச்.பி.வி. டி.என்.ஏ. அளவு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு), ஹெச்.பி.இ. ஆன்டிஜென் (வைரஸ் வேகமாகப் பெருகுகிறதா), ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது) மூன்றும் பார்த்தால்தான் மாத்திரை தேவையா என்று சொல்ல முடியும்.

கல்லீரல் சுருங்கினால்தான் புற்றுநோய் என்பது ஹெபடைடிஸ் சி-க்குப் பெரும்பாலும் பொருந்தும். பி அப்படியல்ல. தன் டி.என்.ஏ. துண்டுகளைக் கல்லீரல் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடும். சிரோசிஸ் என்கிற அந்தச் சுருக்கம் இல்லாமலும் கட்டி வரலாம். அதனால்தான் பி தொற்றுள்ள, 40 வயது தாண்டிய ஆசிய ஆண்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். ஏ.எஃப்.பி. மட்டும் போதாது, சிறிய கட்டிகள் பலவற்றில் அது ஏறுவதே இல்லை. மாத்திரையால் வைரஸ் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் ஸ்கேனை விடக்கூடாது.

நாட்டு மருந்துக்காரர்கள் காட்டும் 'நெகட்டிவ்' ரிப்போர்ட்டுகளைக் கூர்ந்து பாருங்கள். பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றும் பி, 100-ல் 95 பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானே போய்விடும். அந்தப் பெயரை இவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் கணவர் அந்த ஆறு மாதத்தைக் கடந்துவிட்டார். கீழாநெல்லி பற்றி 1988இல் சென்னையிலிருந்து வந்த ஆய்வு நம்பிக்கை தந்தது உண்மை. பின்னர் வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. வைரஸை அடக்க மருத்துவர் எழுதிய டெனோஃபோவிர் மாத்திரையை இவர்கள் பேச்சைக் கேட்டுத் திடீரென நிறுத்தினால் வைரஸ் சீறி எழுந்து கல்லீரலே செயலிழக்கலாம். பணம் கொடுத்தால் மெடிக்கல் சர்டிபிகேட்டை மாற்றித் தருவதாகச் சொல்லும் ஏஜென்டையும் அண்டவிடாதீர்கள். தாள் மாறும், வைரஸ் மாறாது.

2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பாசிட்டிவ் என்று சீட்டு நீட்டும் மெடிக்கல் சென்டர்கள் இதை ஒரு வரி எழுதித் தந்தால் என்ன? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள்.

நீங்களும் பிள்ளைகளும் இந்த வாரமே ஹெச்.பி.எஸ். ஆன்டிஜென் (தொற்று இருக்கிறதா), ஆன்டி-ஹெச்.பி.எஸ். (எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா) பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம்.