நேட்டால் போன கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடுவது எப்படி?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர். முனுசாமி என்ற பெயரைத் தவிர எதுவும் தெரியாது. டர்பனில் இருக்கும் நாங்கள் அவருடைய ஊரையும் வாழ்க்கையையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் பெயரை விட்டுவிட்டு எண்ணைத் தேடுங்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண், அதாவது நேட்டால் காலனியின் பதிவு எண், உண்டு. முனுசாமி என்று தேடினால் கப்பல் பட்டியலில் ஏராளமான பேர் வருவார்கள். எண் கையில் இருந்தால் ஒரே ஒருவர்தான்.

அந்த எண் பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும். தாத்தா, பாட்டி தலைமுறையின் பிறப்பு, திருமணச் சான்றுகளை எடுத்துப் பாருங்கள். பெற்றோரின் காலனி எண்ணைப் பல சமயம் அதில் குறித்திருப்பார்கள். இல்லையென்றால், அவர் இறந்தபோது சொத்து விவகாரத்துக்காகக் கொடுத்த மரண அறிவிப்பைத் தேடுங்கள். அதில் தாய் தகப்பன் பெயர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் எல்லாம் கேட்டு எழுதுவது வழக்கம். ஆனால் விவரம் சொன்னது மகனோ மருமகனோ என்பதால், பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'இந்தியா' என்று மட்டும் இருந்தாலும் சோர்ந்துவிடாதீர்கள்.

எண் கிடைத்த பிறகு கப்பல் பட்டியலுக்குப் போகலாம். தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு, எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பது வரை அங்கே இருக்கும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் பெயர் திரிந்திருக்கும். முனுசாமி 'மூன்சாமி' ஆனது உங்களுக்கே தெரியும். இவர்தானா என்று சந்தேகம் வந்தால் தகப்பன் பெயரைப் பாருங்கள். நம்மில் பலர் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள் இல்லையா? பட்டியலில் உள்ள தகப்பன் பெயரும் அவருடைய மூத்த மகன் பெயரும் ஒன்றாக இருந்தால் அது நல்ல துப்பு.

ஊர் விஷயத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அன்றைய வட ஆற்காடு ஜில்லா இன்று இல்லை. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது, இன்று அது ஆந்திராவில் இருக்கிறது. மீதியிருந்த வட ஆற்காடு 1989இல் இரண்டானது. அதில் வேலூர் 2019இல் மறுபடியும் பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் வந்தன. அதனால் ஜில்லா பெயரை வைத்து இன்றைய வரைபடத்தில் தேடாதீர்கள். தாலுகாவைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் கிராமத்துக்கு வாருங்கள். ஒரே பெயரில் பல கிராமங்கள் இருக்கும் பகுதி அது.

வாழ்க்கை விவரம் வேண்டுமானால் ஒப்பந்தக் கூலிகளின் விவகாரங்களைக் கவனித்த அதிகாரியான இந்தியக் குடியேற்றப் பாதுகாவலரின் அலுவலகக் கோப்புகளைப் பாருங்கள். தென்னாப்பிரிக்க அரசு ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. கூலி பாக்கி, அடி உதை, அனுமதிச் சீட்டு, ஊருக்குத் திரும்பும் விண்ணப்பம் என்று ஒரு சாதாரண மனிதனின் குரல் அங்கேதான் கொஞ்சமாவது கேட்கும். அவர் வந்த ஆண்டும் முக்கியம். 1895ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தம் செய்தவர் என்றால், ஐந்து வருடம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், மறு ஒப்பந்தம் போட வேண்டும், அல்லது ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். அந்த வரி 1914 வரை இருந்தது. அவர் ஏன் மறுபடி தோட்டத்துக்கே போனார் என்பதற்கான பதில் பல குடும்பங்களில் இந்த வரிதான்.

தமிழ்நாட்டுப் பக்கம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பட்டா இல்லாதவர் பெயர் நிலப் பதிவேட்டில் வராது. குலதெய்வம் எது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். கிராமத்தில் விசாரிக்கும்போது தகப்பன் பெயரோடு அதுவும் உதவும்.

இன்னொன்று: பட்டியலில் அவருடைய வரியை மட்டும் படமெடுக்காமல் முழுப் பக்கத்தையும் எடுங்கள். ஒன்றாகப் பதிவு செய்தவர்களின் எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும். மேலும் கீழும் அதே கிராமத்தின் பெயர் வந்தால், அவர்கள் அவருடைய அண்ணன் தம்பியாகவோ பங்காளியாகவோ இருக்கலாம்.