'கிரீஃப்' என்றால் சோகம் மட்டும்தானா?

கேள்வி: கூட வேலை செய்பவரின் அம்மா தவறிவிட்டார். வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் 'சாரோ' (sorrow) என்று எழுதுவதா, 'கிரீஃப்' (grief) என்று எழுதுவதா? இரண்டும் ஒன்றுதானே?
- ஈசூன் வாசகி

பதில்: ஒன்று இல்லைங்க. சாரோ எந்தப் பெரிய வருத்தத்துக்கும் பொருந்தும். கிரீஃப் பெரும்பாலும் சாவு, பிரிவு மாதிரி ஓர் இழப்பால் வந்து ஆளையே அமுக்கிவிடும் துக்கம். கனமான என்று பொருள்படும் 'கிராவிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, நம்மூர்ச் செய்தித்தாளில் அடிதடி வழக்குகளில் அடிபடும் 'கிரீவஸ் ஹர்ட்', அதாவது கொடுங்காயம், அதுவும் இதே குடும்பம்தான். ஆனால் 'கிரீவன்ஸ்' என்றால் மனக்குறை, புகார். அதை இரங்கல் செய்தியில் போட்டுவிடாதீர்கள், மனிதவளப் பிரிவுக்குப் போக வேண்டிய கடிதமாகிவிடும்! 'குட் கிரீஃப்' இன்னும் வேடிக்கை. 'அட கடவுளே' என்று அலுத்துக்கொள்வது, அதில் துக்கமே கிடையாது.

சரி, உங்கள் செய்திக்கு இரண்டுமே வேண்டாம் என்பேன். 'ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்' போதும். முறையாக எழுத வேண்டுமானால் 'மை கண்டோலன்சஸ்', ஒருமையில் இல்லை, பன்மையில்தான். அப்புறம், வெறும் 'ஆர்ஐபி' (ரெஸ்ட் இன் பீஸ் என்பதன் சுருக்கம்) மட்டும் தட்டி அனுப்பாதீர்கள், பார்க்கவே சோம்பேறித்தனமாக இருக்கும்.