கழுத்தை மாற்ற வேண்டாம்

கையால் செய்த பேஸ் கிட்டார், 22 வருடத் துணை. மழை தொடங்கியதும் கழுத்தில், அதாவது தந்திகளை அழுத்தும் நீண்ட மரப் பகுதியில், முதல் நான்கு ஃப்ரெட்டிலும் (குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) கரகரப்பு, கடைக்காரர் கழுத்தையே மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் சார். ஈரப்பதம் மாறினால் மரம் அசையும், அவ்வளவுதான்.

சுருதி கூட்டி, தடித்த ஈ (E) தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட் பக்கம் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி, அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, இருக்க வேண்டும். தந்தி ஒட்டிக் கிடந்தால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும், வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று தளர்த்துங்கள். அப்புறம் ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள். ராடு உடைந்தால்தான் உண்மையான செலவு.

என்னுடையதில் கட்டைவிரல் பட்ட இடத்தில் வார்னிஷே போய்விட்டது. கழுத்து இன்னும் பழையதுதான்.