எலுமிச்சைத் தோட்டத்து உரம் ஊருணிக்குப் போகாமலிருக்க

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இரண்டு ஏக்கரில் எட்டு வயது எலுமிச்சை நிற்கிறது. சரிவு முடிகிற இடத்தில் ஊருணிக்குப் போகும் வரத்துக்கால். இரண்டு வருஷமாக மழைக்காலம் முடிந்ததும் ஊருணியில் பச்சைப்பாசி படர்கிறது. என் உரம்தான் காரணம் என்கிறார்கள். ஐப்பசியில் ஒரே தடவையாக மரத்துக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ டிஏபி வைக்கிறேன். வரப்பை உயர்த்தினால் போதுமா?"

போதாது. வரப்பு பாதி வேலையைத்தான் செய்யும்.

அடுத்த கனமழையில், தோட்டத்துத் தண்ணீர் வரத்துக்காலில் விழும் இடத்தில் ஒரு பாட்டிலில் பிடித்து, மறுநாள் வரை அசைக்காமல் வையுங்கள். அடியில் செம்மண் படிந்திருக்கும், மேலே தண்ணீர் தெளிந்திருக்கும். டிஏபியின் மணிச்சத்து (பாஸ்பரஸ்) பெரும்பாலும் அந்த வண்டலில் ஒட்டிக்கொண்டுதான் போகிறது. பாசிக்கு அது நல்ல தீனி. யூரியாவிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டோ தெளிந்த தண்ணீரில் கரைந்து நிற்கும். நிறமில்லை, வாடையில்லை. வரப்புக்குள் தேங்கினாலும் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைத்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஆறாம் ஆண்டிலிருந்து மரத்துக்கு வருஷத்துக்குத் தொழு உரம் 30 கிலோ, தழைச்சத்து (நைட்ரஜன்) 600 கிராம், மணிச்சத்து 200 கிராம், சாம்பல்சத்து (பொட்டாஷ்) 300 கிராம் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. நீங்கள் வைப்பதில் தழைச்சத்து மட்டும் 1,100 கிராம், மணிச்சத்து 460 கிராம். ஏறக்குறைய இரண்டு மடங்கு! அதையும் அடைமழைக்கு முன்னால் கொட்டுகிறீர்கள். காசு கொடுத்து வாங்கிய உரம் வாய்க்காலோடு போகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

யூரியாவை 1.3 கிலோவாகக் குறையுங்கள். பாதியை மார்ச்சில் வைத்துத் தண்ணீர் பாய்ச்சுங்கள். அக்டோபர் பாதியை ஒரே நாளில் வைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்து, மழை விட்ட இடைவெளியில், மண் ஈரமாக இருந்தும் தண்ணீர் ஓடாத நாளில் வைப்பது நம் பக்கத்துக்குச் சரிவரும். வானிலை அறிக்கையில் கனமழை என்றால் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். டிஏபிக்குப் பதில் சூப்பர் பாஸ்பேட் 1.25 கிலோ போதும். தூவிவிடாமல் மண்ணைக் கொத்தி மூடுங்கள். சாம்பல்சத்தையும் விட்டுவிடாதீர்கள். அளவை இன்னும் துல்லியமாக்க, குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

உரம் வைக்கும் இடமும் முக்கியம். தண்டிலிருந்து 70 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். தண்டைச் சுற்றி மண் அணைத்து, வெளிவட்டத்தில் மட்டும் தண்ணீர் பாயும்படி இரட்டை வட்டப் பாத்தி எடுத்தால் அடித்தண்டில் தண்ணீர் நிற்காது, கோந்து வடியும் நோயும் குறையும். சொட்டுநீர் இன்னும் நல்லது. சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம் உண்டு, தோட்டக்கலைத் துறையில் விண்ணப்பிக்கலாம்.

அப்புறம் வரப்பு. சரிவுக்குக் குறுக்கே கட்டி, கீழ் ஓரத்தில் வெட்டிவேரை இரண்டு வரிசை நெருக்கமாக நடுங்கள். வண்டலை அது பிடித்துக்கொள்ளும். மர இடைவெளியைப் புல் பூண்டில்லாமல் உழுது சுத்தமாக வைத்திருப்பதை நாம் பெருமையாக நினைக்கிறோம். மழைக்கு அப்படி மொட்டையாக விட்ட செம்மண்தான் ஊருணிக்கு ஓடுகிறது. அந்த இடைவெளியில் பசுந்தாள் உரச்செடியான கொழிஞ்சியை விதைத்துவிடுங்கள். எருக்குவியல் வரத்துக்கால் ஓரத்தில் இருந்தால் மேட்டுக்கு மாற்றுங்கள்.

சொறிநோய்க்குக் காப்பர் மருந்து அடிப்பவர்கள் ஸ்பிரேயரை ஊருணியில் கழுவவே கூடாது. தாமிரம் மீனுக்கு விஷம். நோய்ப்பட்ட குச்சிகளை மழைக்கு முன்பே கவாத்து செய்து எரித்தால் மருந்து அடிக்கும் தடவையும் குறையும்.

இதையெல்லாம் செய்தாலும் இந்த வருஷமே பாசி மறைந்துவிடாது. ஊருணி அடியில் படிந்த வண்டலில் பழைய மணிச்சத்து இருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊராட்சி அனுமதியோடு அந்த வண்டலை அள்ளி, உங்கள் மரத்துப் பாத்திகளிலேயே பரப்புங்கள்.