கர்ப்பம் 7-ஆவது வாரம். தண்ணீர் குடித்தாலும் வாந்தியாகிறது. மசக்கை என்று விட்டுவிடலாமா, மருந்து எடுக்கலாமா?

மசக்கைதான், ஆனால் விட்டுவிடக் கூடாது. பலர் எத்தனை முறை வாந்தி எடுத்தோம் என்று எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது வயிற்றில் எவ்வளவு தங்குகிறது என்பதை. நாளுக்கு நான்கு முறை வாந்தி எடுத்தும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் உள்ளே நின்றால் சமாளித்துவிடலாம். ஒரே முறை வாந்தி எடுத்துவிட்டு, பயத்தில் நாள் முழுக்க எதையும் தொடாமல் இருப்பவருக்குத்தான் உடம்பு வற்றும்.

கால அளவை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு 4 முதல் 6 வாரத்துக்குள் தொடங்கி, 9-ஆவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், 12 முதல் 14 வாரத்துக்குள் அடங்கும். சிலருக்கு 20 வாரம் வரை இழுக்கும். அப்படியானால் 7-ஆவது வாரத்தில் இருக்கும் உங்களுக்கு இனிமேல்தான் கூடலாம். "இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்று தள்ளிப்போடாமல் இப்போதே ஆரம்பியுங்கள் என்று சொல்வது அதனால்தான். குமட்டல் முற்றியபின் கொடுக்கும் மாத்திரை அந்த வாந்தியோடேயே வெளியே வந்துவிடும்.

ஏன் வருகிறது? கர்ப்பத்தில் சுரக்கும் எச்சிஜி ஹார்மோன்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்துக்கு வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்கு இதில் பெரிய பங்கு இருப்பதை 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. அது மூளைத்தண்டிலுள்ள வாந்தி மையத்தைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்பு இந்த ஹார்மோன் உடலில் குறைவாக இருந்தவர்களுக்கு, திடீரென அது ஏறும்போது தாக்கம் அதிகம். ஆகவே "மனசைத் திடப்படுத்திக்கொள், சரியாகிவிடும்" என்ற அறிவுரையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இனி தண்ணீர். வாந்தி எடுத்த கையோடு தாகத்தில் ஒரு டம்ளரை மடக்கென்று குடிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. எரிச்சலில் இருக்கும் இரைப்பை சட்டென்று விரிந்தால் மறுபடி வாந்தி வரும். வாந்திக்குப் பின் 20 நிமிடம் சும்மா இருங்கள். பிறகு 5 நிமிடத்துக்கு ஒரு முறை 15 மில்லி, அதாவது ஒரு மேசைக்கரண்டி. இதென்ன துளி என்று தோன்றும். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 180 மில்லி, பத்து மணி நேரத்துக்கு 1.8 லிட்டர். வெறும் தண்ணீர் பிடிக்காவிட்டால் ஐஸ் துண்டைச் சப்பலாம், குளிரவைத்த ஓஆர்எஸ் குடிக்கலாம். ஓஆர்எஸ் பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். கெட்டியாகக் கலந்தால் உப்பு கூடி, குமட்டலும் கூடும்.

சாப்பாட்டையும் தண்ணீரையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். நடுவே அரை மணி நேரம் விடுங்கள். வயிறு காலியானால் குமட்டும், நிறைந்தாலும் குமட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நான்கைந்து வாய் போதும். காலையில் எழுவதற்கு முன் படுக்கையிலேயே உலர்ந்த பிஸ்கட் இரண்டைத் தின்றுவிட்டு, 15 நிமிடம் கழித்து மெதுவாக எழுந்திருங்கள். சூடான சாப்பாட்டில் வாசனை அதிகம் கிளம்பும், ஆறியதில் குறைவு. சமையல் வாசனை ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். இந்தச் சில வாரங்களில் சத்தான உணவா என்று ஆராய வேண்டாம், எது வயிற்றில் தங்குகிறதோ அதுதான் நல்ல உணவு.

இரும்புச்சத்து மாத்திரை பலருக்குக் குமட்டலைக் கூட்டும். முதல் மூன்று மாதத்துக்கு அதை நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஃபோலிக் அமிலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். இஞ்சி லேசான குமட்டலுக்கு உதவும்: நாளுக்கு மொத்தம் 1 கிராம் இஞ்சிப்பொடி, 250 மில்லிகிராம் வீதம் நான்கு வேளை. நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு எரிச்சலைக் கூட்டக்கூடும். வாந்தி கடுமையாக இருந்தால் இஞ்சியை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

மருந்து எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். முதலில் தருவது டாக்ஸிலமின் 10 மில்லிகிராமும் பைரிடாக்ஸின், அதாவது வைட்டமின் பி6, 10 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை. இந்தக் கூட்டு மருந்தை வழக்குகளின் நெருக்கடியால் தயாரிப்பாளரே அமெரிக்கச் சந்தையிலிருந்து 1983-இல் விலக்கிக்கொண்டார். பிறவிக் குறைபாட்டுக்கு அது காரணமல்ல என்று பல ஆய்வுகள் சொன்னபின், 2013-இல் அங்கே மறுபடி அனுமதி கிடைத்தது. வழக்கமான தொடக்கம் இரவு படுக்கும்போது இரண்டு மாத்திரை. போதாவிட்டால் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று கூட்டுவார்கள். நாளுக்கு நான்குக்கு மேல் போவதில்லை. இது மெதுவாகக் கரையும் மாத்திரை. இரவில் போட்டால்தான் காலையில் வேலை செய்யும். குமட்டும்போது மட்டும் ஒன்று போட்டுக்கொள்வது, உடைத்துப் பொடித்து விழுங்குவது, ஒரே நாளில் பலனில்லை என்று நிறுத்துவது என இந்த மூன்றில் ஏதோ ஒன்றைச் செய்துவிட்டுத்தான் பலர் "எனக்கு இது கேட்கவில்லை" என்கிறார்கள். தூக்கம் வரும், வண்டி ஓட்ட வேண்டாம்.

இதற்கும் அடங்காவிட்டால் மெட்டோகுளோபிரமைடு, ஆன்டான்செட்ரான் போன்றவை இருக்கின்றன. முதலாவதை 5 நாளுக்கு மேல் தொடர்வதில்லை. கழுத்தோ தாடையோ இழுத்துக்கொண்டால் உடனே நிறுத்த வேண்டும். இரண்டாவது மலச்சிக்கலைக் கொண்டுவரும். முதல் மூன்று மாதத்தில் எடுத்தால் குழந்தைக்கு உதட்டுப்பிளவு அல்லது அண்ணப்பிளவு வரும் வாய்ப்பு மிகச் சிறிதளவு கூடலாம், பத்தாயிரம் பேரில் சுமார் மூன்று பேர் கூடுதல். பயந்து ஒதுக்கவேண்டிய அளவல்ல, ஆனால் மருத்துவரிடம் பேசித்தான் தொடங்க வேண்டும். எதையும் கடையில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள்.

24 மணி நேரமாக எதுவுமே தங்கவில்லை, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை அல்லது அடர் மஞ்சளாகப் போகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் 5 சதவீதம் குறைந்துவிட்டது (60 கிலோ என்றால் 3 கிலோ): இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தால் அது வெறும் மசக்கை அல்ல. தினமும் காலையில் எடை பார்த்து எழுதிவைத்துக்கொண்டு போங்கள். "நிறைய வாந்தி" என்பதைவிட அந்த எண் அங்கே பேசும். சிறுநீரில் கீட்டோன் (பட்டினியில் உடல் கொழுப்பைக் கரைக்கும்போது வரும் பொருள்) இல்லை, அதனால் ஒன்றுமில்லை என்று அங்கே சொன்னால் ஏற்க வேண்டாம். உடல் எவ்வளவு வற்றியிருக்கிறது என்பதைக் கீட்டோன் சரியாகக் காட்டாது.

டிரிப்ஸ் போடும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். பல நாள் சாப்பிடாதவருக்கு வைட்டமின் பி1, அதாவது தயாமின் தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருப்பதும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். பொருள் இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது ஆகியவை அதன் அடையாளங்கள். தயாமின் முதலில், குளுக்கோஸ் பிறகு.

வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காதீர்கள். அமிலத்தில் இளகிய எனாமலைப் பிரஷ் தேய்த்துவிடும். ஒரு கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

இதையெல்லாம் தாண்டி, 9 வாரத்துக்குப் பிறகு முதன்முதலாக வாந்தி தொடங்கினால் வேறு காரணம் தேட வேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு வாந்தியோடு தலைவலி, மங்கலான பார்வை, மேல்வயிற்றில் வலி வந்தால் இரவு எந்நேரமானாலும் ரத்த அழுத்தம் பார்க்கப் போய்விடுங்கள்.