மாலிக்யூலர் தேர்வுக்குப் படிப்பவர்கள் கேட்டவை

(அமெரிக்காவின் ஏஎஸ்சிபி அமைப்பு நடத்தும் மாலிக்யூலர் பயாலஜி டெக்னாலஜிஸ்ட் சான்றிதழ் தேர்வு பற்றி வந்த கடிதங்களிலிருந்து)

பி.எஸ்சி. எம்.எல்.டி. முடித்துப் பல வருடங்களாகப் பயோகெமிஸ்ட்ரி பிரிவில் இருக்கிறேன். கல்லூரியில் மாலிக்யூலர் ஒரு பாடமாகத்தான் வந்தது. இப்போது புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது? (வாசகி, ஷார்ஜா)

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அப்படிப் படித்தால் டிஎன்ஏ எப்படி இரட்டிப்பாகிறது என்ற அத்தியாயத்திலேயே ஒரு மாதம் ஓடிவிடும், பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) வரும்போது அலுப்புத் தட்டிவிடும். தேர்வு 100 கேள்வி, இரண்டரை மணி நேரம், எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. நீங்கள் சரியாகப் பதில் சொல்லச் சொல்ல கம்ப்யூட்டர் அடுத்த கேள்வியைக் கடினமாக்கும். அதனால் பாதியில் 'ஐயோ, எல்லாமே கஷ்டமாக இருக்கிறதே' என்று தோன்றினால் பயப்பட வேண்டாம், நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் இருக்கலாம். தேர்ச்சிக்கு 400 ஸ்கோர் வேண்டும். இது நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு இல்லை, ஒவ்வொரு கேள்வியின் கடினமும் அதில் சேர்கிறது.

நான் சொல்லும் வழி இதுதான்: உங்கள் லேபில் ஓடும் ஒரு டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள், எச்ஐவி வைரல் லோட் (ரத்தத்தில் வைரஸின் ஆர்என்ஏ எவ்வளவு என்று அளப்பது) என்று வையுங்கள், ரத்தம் எடுக்கும் டியூபிலிருந்து ரிப்போர்ட் வரை அதன் பின்னாலேயே போங்கள். ஏன் ஈடிடிஏ டியூப், ஏன் ஹெப்பாரின் டியூப் வேண்டாம்? பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியை ஹெப்பாரின் தடுத்துவிடும். ஏன் பிளாஸ்மாவைச் சீக்கிரம் பிரிக்க வேண்டும்? ஆர்என்ஏவை வெட்டும் நொதிகள் எங்கும் இருக்கின்றன, போதாததற்கு ஆர்என்ஏவின் சர்க்கரையில் 2-ஆம் கார்பனில் உட்கார்ந்திருக்கும் ஓஎச் அதை வேதியியல் ரீதியாகவே பலவீனமாக்குகிறது. ஏன் முதலில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், அதாவது ஆர்என்ஏவை டிஎன்ஏவாக நகலெடுக்கும் நொதி? பிசிஆரின் டாக் பாலிமரேஸுக்கு டிஎன்ஏதான் அச்சாக வேண்டும். பாருங்கள், ஒரே டெஸ்ட்டில் அடிப்படைப் பாடம் பாதி வந்துவிட்டது. பயோகெமிஸ்ட்ரிக்காரருக்கு நொதி, பஃபர், தரக்கட்டுப்பாடு எல்லாம் தெரிந்த விஷயம்தானே, நீங்கள் நினைக்கிற அளவு பின்தங்கி இல்லை.

260/280 விகிதம் 1.8 என்றால் சுத்தம் என்று மனப்பாடம் செய்தேன். மாதிரித் தேர்வில் 1.5, 2.0 என்று கொடுத்து என்ன காரணம் என்று கேட்கிறார்கள். அப்புறம் டிஎன்ஏ எவ்வளவு என்ற அளவுக் கணக்கும் எப்போதும் தப்பாகிறது. (வாசகர், மதுரை)

நியூக்ளிக் அமிலம் 260 நானோமீட்டர் ஒளியை அதிகம் உறிஞ்சும், புரதம் 280-இல். டிஎன்ஏவோடு புரதமோ ஃபீனாலோ கலந்திருந்தால் விகிதத்தில் கீழே இருக்கும் 280-இன் எண் பெரிதாகும், விகிதம் குறையும். ஆகவே 1.5 என்றால் பிரித்தெடுத்தது சரியில்லை, திரும்பச் சுத்தம் செய். 2.0 பக்கம் போனால் ஆர்என்ஏ கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படு, ஏனென்றால் சுத்தமான ஆர்என்ஏவின் விகிதமே கிட்டத்தட்ட 2.0. இதில் ஒரு கொக்கி உண்டு. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டருக்கு டிஎன்ஏ எது, ஆர்என்ஏ எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டையும் சேர்த்து டிஎன்ஏ என்று காட்டிவிடும். டிஎன்ஏவோடு மட்டும் ஒட்டும் ஒளிரும் சாயத்தை வைத்து அளந்தால் அதே சாம்பிளுக்குக் குறைவான அளவு வரும். இரண்டு எண்ணையும் கொடுத்துக் காரணம் கேட்டால் இதுதான் பதில்.

கணக்குக்கு வருவோம். 10 மைக்ரோலிட்டர் டிஎன்ஏவோடு 490 மைக்ரோலிட்டர் பஃபர் சேர்த்து 260-இல் 0.2 வந்தது என்று வையுங்கள். 490-ஐ 10-ஆல் வகுத்து 49 மடங்கு என்று போடுவதுதான் வழக்கமாக எல்லோரும் விழும் குழி. மொத்தம் 500, ஆகவே 50 மடங்கு. இரட்டை இழை டிஎன்ஏவுக்கு 1 உறிஞ்சல் என்றால் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம். 0.2 × 50 × 50 = 500 மைக்ரோகிராம், ஒரு மில்லிலிட்டருக்கு. அதே எண்கள் ஆர்என்ஏவுக்கு என்றால் 50-க்குப் பதில் 40, விடை 400. கேள்வியில் 'ஆர்என்ஏ' என்ற சொல்லை அவசரத்தில் தாண்டிப் போகிறவர்களுக்காகவே 500-ஐயும் விடைகளில் ஒன்றாக வைத்திருப்பார்கள்.

ஹைப்ரிடைசேஷனில் (இரண்டு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்) ஸ்ட்ரின்ஜென்சியை, அதாவது கச்சிதமாகப் பொருந்தியதை மட்டும் ஒட்டவிடும் கறாரை, அதிகமாக்க உப்பைக் கூட்டணுமா குறைக்கணுமா? எத்தனை தடவை படித்தாலும் மாறிவிடுகிறது.

குறைக்கணும். காரணத்தோடு படித்தால் மாறாது: இரண்டு இழைகளின் பாஸ்பேட்டுகளும் நெகட்டிவ், ஒன்றையொன்று தள்ளும். உப்பிலுள்ள சோடியம் அந்தத் தள்ளுதலை மறைக்கிறது, அதனால் உப்பு அதிகமாக இருந்தால் அரைகுறையாகப் பொருந்திய இழைகூட ஒட்டிக்கொண்டு நிற்கும். உப்பைக் குறைத்தால், வெப்பத்தைக் கூட்டினால், ஃபார்மமைடு சேர்த்தால் கச்சிதமாகப் பொருந்தியவை மட்டும் மிஞ்சும். ஜி-சி ஜோடியில் மூன்று ஹைட்ரஜன் பிணைப்பு, ஏ-டி ஜோடியில் இரண்டு என்பதையும் இதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரியல்-டைம் பிசிஆரில் ஒரு சாம்பிளின் சி.டி. (சிக்னல் தெரிய ஆரம்பிக்கும் சுழற்சியின் எண்) 24, இன்னொன்று 31. எது அதிகம், எத்தனை மடங்கு?

24தான் அதிகம். வித்தியாசம் 7 சுழற்சி, ஒவ்வொன்றிலும் இரட்டிப்பு, ஆகவே 128 மடங்கு. இது நூறு சதவீதத் திறனில் ஓடினால் வரும் கணக்கு.

கன்ட்ரோல் (டெஸ்ட் சரியாக ஓடியதா என்று பார்க்க வைக்கும் சோதனை) பற்றி நிறையக் கேட்பார்களாமே? (வாசகர், தோஹா)

கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். டிஎன்ஏ சேர்க்காத கன்ட்ரோலே பாசிட்டிவ் என்றால் எங்கோ மாசு. அந்த ரன்னில் வந்த பாசிட்டிவ் எதையும் நம்பி ரிப்போர்ட் கொடுக்க முடியாது, புது ரீஏஜென்ட் எடுத்துத் திரும்ப ஓட்ட வேண்டும். நோயாளி சாம்பிளில் டார்கெட்டும் (நாம் தேடும் வரிசை) வரவில்லை, இன்டர்னல் கன்ட்ரோலும் (அதே டியூபில் கூடவே ஓடும் கன்ட்ரோல்) வரவில்லை என்றால் அது 'நெகட்டிவ்' கிடையாது, 'செல்லாது'. சாம்பிளில் ஏதோ தடுப்பான் இருந்திருக்கலாம், பிரித்தெடுத்தலே தோற்றிருக்கலாம். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் பெஞ்சில் நிற்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும், தேர்வு கிடக்கட்டும், அங்கே ஒரு நோயாளிக்குத் தப்பான காகிதம் போகிறது. ஆனால் டார்கெட் பலமாக வந்து இன்டர்னல் கன்ட்ரோல் மட்டும் அமுங்கினால், பல டெஸ்ட்டுகளில் அதை ஏற்றுக்கொள்வார்கள், இரண்டும் ஒரே ரீஏஜென்டுக்குப் போட்டி போடுவதால் வருவது அது.

யுஎன்ஜி நொதி எதற்கு என்றும் ஒரு கேள்வி வரலாம். பிசிஆரில் டி-க்குப் (தைமின்) பதில் யு (யுராசில்) போட்டு வைத்தால், பழைய ரன்களிலிருந்து தப்பி வந்த துண்டுகளை மட்டும் அந்த நொதி அடுத்த ரன் தொடங்குமுன் ஒழித்துவிடும், நோயாளியின் இயற்கை டிஎன்ஏவைத் தொடாது.

நோய்களையும் மரபணுக்களையும் எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

கொஞ்சம் செய்துதான் ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. சிஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய்க்கு 9, 22 குரோமோசோம் இடமாற்றம், அரிவாள் செல்லுக்கு பீட்டா குளோபினில் ஜிஏஜி ஜிடிஜி ஆவது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு 508-ஆம் இடத்து ஃபினைல் அலனின் விடுபடுவது, இப்படி ஒரு பக்கம் தேறும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த முறையில் கண்டுபிடிப்பது என்றும் எழுதுங்கள், கேள்வி அங்கேதான் வரும். எக்ஸ் குரோமோசோமில் வரும் மரபுக் கோளாறான ஃப்ரஜைல் எக்ஸை எடுங்கள்: சிஜிஜி என்ற மூன்றெழுத்து 200 முறைக்கு மேல் திரும்ப வந்தால் முழு மியூட்டேஷன், 55 முதல் 200 வரை முன்நிலை. ஒரு பெண்ணின் சாம்பிளில் சாதாரண பிசிஆர் ஒரே ஒரு பேண்ட் காட்டுகிறது, ரிப்போர்ட் என்ன? 'நார்மல்' என்று எழுதிவிடக் கூடாது. இரண்டு எக்ஸிலும் ஒரே நீளம் இருக்கலாம், அல்லது இரண்டாவது எக்ஸில் இருப்பது மிக நீளமாகி பிசிஆரால் பெருக்க முடியாமல் போயிருக்கலாம். சதர்ன் பிளாட்டோ (டிஎன்ஏவைப் பெருக்காமல் துண்டுகளின் நீளத்தைப் பார்க்கும் முறை), இப்படித் திரும்பத் திரும்ப வரும் மூன்றெழுத்து வரிசைக்கென்றே இருக்கும் தனி பிரைமர் வைத்த பிசிஆரோ செய்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.